லைப்போசக்‌ஷனுக்கு முன்பணம் கட்டும் முன் வயிற்றைப் பிடித்துப் பாருங்கள்

கண்ணாடி முன் நேராக நின்று தொப்புளுக்குக் கீழே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துப் பாருங்கள். மெத்தென்று விரல்களுக்கு இடையே சிக்குகிறதே, அது தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு, லைப்போசக்‌ஷனில் (மெல்லிய குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவை சிகிச்சையில்) எடுக்க முடிவது அது மட்டும்தான். விரலுக்குக் கொஞ்சம்தான் சிக்குகிறது, ஆனால் வயிறு பானை மாதிரி கெட்டியாக முன்னால் தள்ளி நிற்கிறது என்றால், பெரும்பாலான கொழுப்பு உள்ளே குடலைச் சுற்றி இருக்கிறது. அங்கே அந்தக் குழாய் போகாது, போகவும் கூடாது. சர்க்கரை நோய்க்கு வழி வைப்பது முக்கியமாக அந்த உள்கொழுப்புதான், அதைக் குறைக்க நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும்தான் முதல் வழி. 2004-இல் அமெரிக்காவில் 15 பெண்களுக்கு ஆளுக்குச் சுமார் 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்துச் சோதித்தார்கள்: சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எதிலும் முன்னேற்றம் இல்லை.

பிள்ளை பெற்ற பெண்களுக்கு இன்னொரு சோதனை. மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்குங்கள். வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மேடு எழும்பினால் தசைகள் விலகியிருக்கலாம். அதை லைப்போசக்‌ஷன் சரி செய்யாது, தொங்கும் தோலையும் சரி செய்யாது. உள்ளே இருந்ததை எடுத்த பிறகு தோல் இன்னும் சுருங்கித் தொங்கும். அதற்கு டம்மி டக் என்ற வேறு அறுவை சிகிச்சை இருக்கிறது, அது இதைவிடப் பெரியது.

நான் 38 வயதில் இடுப்பின் இரு பக்கமும் தொடையும் செய்துகொண்டேன். முதலில் போன இடத்தில் அறுவை செய்யப்போகிற டாக்டர் யார் என்று கேட்டேன், "இந்த வாரத்துக்குள் கட்டினால் தள்ளுபடி" என்றுதான் பதில் வந்தது, பெயர் கடைசி வரை வரவில்லை. அப்புறம் பார்த்த டாக்டர், எடையை ஆறு மாதம் ஏற்ற இறக்கம் இல்லாமல் வைத்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். அப்போது எரிச்சலாக இருந்தது, ஆனால் அவரிடம்தான் செய்தேன். இன்றும் யார் கேட்டாலும் சொல்வேன், உங்களிடம் ஒருமுறையாவது "வேண்டாம்" அல்லது "பொறு" என்று சொல்லக்கூடிய டாக்டரைத் தேடுங்கள்.

அவருக்குப் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள், பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் சரிபாருங்கள். மயக்க மருந்து டாக்டர் முழு நேரமும் கூட இருப்பாரா, ஐ.சி.யூ. அங்கேயே இருக்கிறதா, மொத்தம் எத்தனை லிட்டர் எடுப்பீர்கள் என்று மூன்றையும் நேராகக் கேளுங்கள். 5 லிட்டருக்கு மேல் எடுப்பது பெரிய அளவு, இரவு மருத்துவமனையில் கண்காணிப்பில் இருக்க வேண்டும். 2022 மே மாதம் பெங்களூரில் வயிற்றுக் கொழுப்பை நீக்கப் போன கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேதனா ராஜ் இறந்துபோனார், வயது 21. இது அழகு நிலைய வேலை இல்லை, அறுவை சிகிச்சை. லேசர், அல்ட்ராசவுண்ட் என்று கருவிக்கு என்ன பெயர் வைத்தாலும் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பிடிக்கிற கைதான்.

செலவுக்கு மருத்துவக் காப்பீடு கிடைக்காது, ஜிஎஸ்டி வேறு உண்டு. அதனால் மயக்க மருந்து, அறை வாடகை, அறுவைக்குப் பிறகு போடும் இறுக்க உடை எல்லாம் சேர்த்து மொத்தச் செலவை எழுத்தில் வாங்குங்கள்.

சாப்பிடுகிற மாத்திரை ஒன்று விடாமல் சொல்லுங்கள், முக்கியமாக ஆஸ்பிரின், கருத்தடை மாத்திரை, மீன் எண்ணெய், நாட்டு மருந்து. எதை எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்வார். சிகரெட்டைக் குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்பே விட வேண்டும்.

சரி, செய்தாகிவிட்டது. உப்புநீரில் மரத்துப்போகும் மருந்தும் அட்ரினலினும் கலந்து உள்ளே ஏற்றித்தான் கொழுப்பை உறிஞ்சுகிறார்கள், அந்த நீர் முதல் ஓரிரு நாள் சிவப்பாகக் கசியும். மெத்தையில் பிளாஸ்டிக் விரிப்பும் பழைய வேட்டியும் போட்டு வையுங்கள், யாரும் சொல்லாததால் நான் பயந்தே போனேன். இறுக்க உடையை நான்கிலிருந்து ஆறு வாரம் கிட்டத்தட்ட இரவும் பகலும் போட வேண்டியிருக்கும், சித்திரை வெயிலில் அது கொடுமை, முடிந்தால் மார்கழி, தையில் வைத்துக்கொள்ளுங்கள். தராசில் எனக்கு இரண்டு கிலோகூடக் குறையவில்லை, ஆனால் ரவிக்கையும் பேண்ட்டும் வேறு அளவு ஆயின. வீக்கம் முழுதாக வடிய ஆறு மாதம் ஆகலாம், தோல் சில மாதம் மரத்துக் கிடக்கும், சிலருக்கு மேடு பள்ளம் நிரந்தரமாகவே தங்கிவிடும். சாப்பாடு பழையபடி போனால் கொழுப்பு வேறு இடத்தில் ஏறும்.

வீட்டுக்கு வந்த பிறகு மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், குழப்பமான பேச்சு, காய்ச்சல், தாங்க முடியாத வயிற்று வலி எது வந்தாலும் வீக்கம்தான் என்று நினைத்து விடியும் வரை காத்திருக்காதீர்கள். மூச்சும் நெஞ்சும் சம்பந்தப்பட்டது என்றால் முதலில் 108, போகிற வழியில் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். உங்களோடு அந்த வாரம் தங்கப்போகிறவரிடம் இந்தப் பட்டியலை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.