கறளைத் துடைக்காதீர்கள்: பழைய பொருட்களைப் படமெடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணத்தில் ஆனைக்கோட்டைப் பக்கம் ஒரு வளவுக்குள், பூவரச மரத்தின் கீழ் பல ஆண்டுகளாக ஓடாமல் நிற்கும் ஒஸ்ரின் ஏ40 கார் ஒன்றைப் படமெடுக்க மூன்று இளைஞர்கள் வந்திருந்தார்கள். ஒருவர் கிணற்றில் அள்ளிய தண்ணீரைக் கதவின் மீது ஊற்ற, மற்றவர் பழந்துணியால் தேய்க்க, மூன்றாமவர் முன்சக்கரத்தைச் சுற்றி முளைத்திருந்த குப்பைமேனியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு பதைத்தது. இருபது வயதில், இதே ஆர்வத்தோடு, இதே வேலையைச் செய்தவன் நான். ஓடிப்போய்த் தடுத்தபோது, "ஊத்தையைத்தானே அண்ணை எடுக்கிறம்" என்றார்கள். அங்கே நின்ற நிலையில் சொல்லி முடிக்க முடியாத மறுமொழியை இங்கே எழுதுகிறேன். பற்றரியில் மின்னேற்றாமல் புறப்படுவது, கை நடுங்கப் படமெடுப்பது போன்றவற்றை எவரும் ஒருமுறை பட்டுத் திருந்திவிடுவார்கள் என்பதால் அவற்றைத் தொடவில்லை.

உச்சி வெயிலில் எடுப்பது

இரும்பு கறளாக மாறும்போது முன்னிருந்ததைவிடக் கூடுதலான இடத்தைப் பிடிக்கிறது. அதனால்தான் மேலிருக்கும் வர்ணம் முதலில் கொப்பளமாக எழும்பி, பிறகு வெடித்து, செதில் செதிலாகக் கழன்று நிற்கிறது. அந்தச் செதில் ஒவ்வொன்றும் தன் அடியில் விழுத்தும் மெல்லிய நிழலே கறளின் அழகு. அந்த நிழல் இல்லாவிட்டால் படத்தில் எஞ்சுவது மண்ணிறப் பூச்சு மட்டுமே. யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சிக்கே வந்துவிடுகிறது. மற்ற மாதங்களிலும் பத்து மணிக்குப் பிறகு வெயில் இரக்கமில்லாமல் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். காலை ஏழு மணிக்கு முன்பின்னாகவும், மாலை ஐந்து மணியை ஒட்டியும், வெளிச்சம் பொருளின் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும்போது எடுங்கள். மாரியில் மழை விட்ட அரைமணி நேரம் இதைவிடச் சிறந்தது, ஏனென்றால் ஈரம் ஊறிய கறளில் செம்மையும் கருமையும் தனித்தனியே பிரிந்து தெரியும்.

நிறத்தைக் கமராவின் பொறுப்பில் விடுவது

படச்சட்டம் முழுவதும் செம்மஞ்சளாக இருந்தால், அதை விளக்கு வெளிச்சத்தின் சாயல் என்று தானியங்கி வெண்சமநிலை (ஒளியின் நிறச்சாயலைக் கமரா தானே சரிசெய்யும் அமைப்பு) தவறாக எடுத்துக்கொண்டு, நீலத்தைச் சேர்த்துக் கறளைச் சாம்பலாக்கிவிடும். அதைச் சூரிய ஒளிக்கு நிலைப்படுத்தி வையுங்கள். இதற்கு எதிர்த் தவறும் உண்டு: வீட்டுக்குப் போனதும் கணினியில் நிறச்செறிவை ஏற்றி, எல்லாக் கறளையும் ஒரே தோடம்பழ நிறத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். புதுக்கறள் செம்மஞ்சள், பழங்கறள் கபிலம், செதிலுக்கு உள்ளே இரும்போடு ஒட்டியிருக்கும் படை பெரும்பாலும் கருமை. இந்த வேறுபாட்டில்தான் அந்தப் பொருளின் வயது தெரிகிறது.

ஃபிளாஷ் பயன்படுத்துவது

வேண்டாம்.

துடைப்பது, நகர்த்துவது, திருத்துவது

இந்த ஒரு தவறை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் என் மீதே கோபம் வருகிறது.

2003ஆம் ஆண்டு, பருத்தித்துறைக்கு அருகே, உறவுமுறைப் பெரியம்மா ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுக்களையின் வெளிச்சுவரில் பழைய துவிச்சக்கர வண்டி ஒன்று சாய்ந்து நின்றது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்சாரமும் பற்றரியும் இல்லாதபோது, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டது குடாநாடு அறிந்த கதை. இதுவும் அப்படி ஒரு சைக்கிள். கடற்காற்று அதை நன்றாகத் தின்றிருந்தது. இருக்கைக்குக் கீழே வெயில் படாத இடத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குப் பச்சை வர்ணம் மிஞ்சியிருக்க, பின்சக்கரக் கம்பிகளுக்கு ஊடாகக் கொவ்வைக் கொடி ஏறிப் பழுத்திருந்தது. கைபிடி சுவரில் பட்ட இடத்திலிருந்து கறள்நீர் வடிந்து, சுண்ணாம்பில் ஒரு முழ நீளத்துக்குச் செங்கோடு இழுத்திருந்தது. டைனமோவிலிருந்து வந்த வயர், சேலைக்கரைத் துண்டொன்றால் கைபிடியோடு இறுக்கி முடிந்து கட்டப்பட்டிருந்தது.

நான் செய்ததைச் சொல்கிறேன். சுவர் அழுக்காக இருக்கிறது என்று சைக்கிளைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்; கொவ்வைக் கொடியை அறுத்தேன்; தொங்கிக்கொண்டிருந்த வயர் அலங்கோலமாகத் தெரிந்ததால் அந்த முடிச்சைக் கத்தியால் வெட்டி எறிந்தேன்; பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவி, மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, முப்பத்தாறு படச் சுருளில் இருபத்துநான்கை அதற்கே செலவழித்தேன். தேநீரோடு வெளியே வந்த பெரியம்மா, கைபிடியைத்தான் முதலில் பார்த்தார்.

"அந்த முடிச்சு எங்கை தம்பி? அது அவன் கட்டினது."

அவன் யாரென்று நான் கேட்கவில்லை. நடுவறைச் சுவரில் மாலை போட்ட படம் இருந்தது. குப்பைக்குள் தேடி அந்தத் துணித்துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை நீவி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார், என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதைத் திரும்பக் கட்டித் தரலாம் என்று எனக்குத் தோன்றியது உண்மை. ஆனால் நான் கட்டினால் அது என் முடிச்சு.

கழுவி வந்த படங்களில் ஒன்றும் தேறவில்லை. மண்ணெண்ணெய் ஊறிய கறள் ஒரே கருமையாகப் பளபளத்தது, செதில்கள் தேய்ந்துவிட்டன, கிணற்றடிக்கும் அந்தச் சைக்கிளுக்கும் எந்த உறவும் இருக்கவில்லை. விற்பனைக்கு நிறுத்திய வண்டி போலத்தான் தெரிந்தது. திரும்பக் கொண்டுபோய்ச் சாய்த்தபோது கைபிடி பழைய இடத்தில் பொருந்தவில்லை. சுவரில் இருந்த செங்கோடு எதிலிருந்து வடிந்தது என்று சொல்ல ஆளில்லாமல் தனியே நின்றது.

மறக்கப்பட்ட பொருள் என்று நாம் பேருக்குச் சொல்கிறோம். அதை மழையும் உப்புக்காற்றும் கொடியும் மறக்கவில்லை, வீட்டிலிருப்பவர்களும் பல வேளைகளில் மறக்கவில்லை. பொருளும் அது நிற்கும் இடமும் சேர்ந்து வளர்ந்துவிட்ட பிறகு, இடத்தை விட்டுப் பிரித்தால் படமெடுக்க அங்கே ஒன்றும் இல்லை. ஆகவே பொருளை நகர்த்த வேண்டாம், நீங்கள் நகருங்கள். குந்துங்கள், படுங்கள், சுற்றி வாருங்கள். நிழல் கூடியிருந்தால் ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பி விடுங்கள். கழுவுவதில் இன்னொரு கேடும் இருக்கிறது. கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர் நீர். அதிலுள்ள உப்பு கறளை விரைவுபடுத்தும், ஆகவே அழகாக்குவதாக நினைத்து அந்தப் பொருளின் ஆயுளையும் குறைத்துவிட்டுப் போகிறோம்.

கேட்காமல் படலையைத் திறப்பது

ஆள் இல்லாத வளவுக்கும் உரிமையாளர் உண்டு. அயலில் கேளுங்கள்.

மண்ணில் புதைந்த இரும்பைத் தொடுவது

போர்க்கால வெடிபொருட்கள் இன்னும் புதைந்திருக்கக்கூடிய எங்கள் மண்ணில் இதை அழுத்திச் சொல்லியே ஆகவேண்டும். பாதி புதைந்து கறள் ஏறிக் கிடக்கும் உருளையோ குமிழோ எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் கிட்டப் போகாதீர்கள், வந்த அடியிலேயே திரும்பி வந்து பொலிஸாருக்கு அறிவியுங்கள். மண்டையோட்டுச் சின்னமுள்ள சிவப்புப் பலகை நின்றால் அதற்கப்பால் எந்தப் படமும் இல்லை. வெட்டுக்காயம் பட்டால் ஏற்பு (டெட்டனஸ்) ஊசியைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். அந்த நோய்க்கிருமி கறளில் பிறப்பதன்று, மண்ணில் இருப்பது.

நாளைக்கு எடுக்கலாம் என்று விடுவது

1990இல் நின்றுபோன புகையிரதம் 2014 ஒக்டோபரில்தான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில், சிதைந்து கிடந்த யாழ்ப்பாண நிலையத்தை எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன்; எங்கே போய்விடப் போகிறது என்றிருந்துவிட்டேன். புதிய கட்டடம் எழுந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான், ஆனால் பழைய மேடையின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. வீட்டுப் பொருட்களுக்கு இவ்வளவு காலமும் கிடைக்காது. பழைய இரும்பு வாங்குபவர் ஒருநாள் காலையில் லான்ட்மாஸ்டரோடு (இருசக்கர உழவு இயந்திரத்தோடு) வந்து நின்றால் மதியத்துக்குள் வளவு வெறுமையாகிவிடும்.

ஆனைக்கோட்டை ஒஸ்ரினுக்கும் விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார்களாம். வருகிற ஞாயிறு காலை ஆறரை மணிக்கு அந்த மூன்று பேரையும் வரச் சொல்லியிருக்கிறேன். கதவில் துடைபட்ட பக்கம் போனது போனதுதான். பூவரச இலைகள் உதிர்ந்து மூடிக் கிடக்கும் மறுபக்கத்தை இன்னும் யாரும் தொடவில்லை.