வாசகர் வெறுக்கும் நாயகனைத் திருத்தி எழுதுவது எப்படி?

சரித்திரக் காதல் நாவலில் திமிர் பிடித்த நாயகனை முக்கால்வாசிப் புத்தகம் ஆட விட்டுவிட்டு, நாயகிக்குக் காய்ச்சல் வந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழ வைத்து, சரி, திருந்திவிட்டான் என்று பலர் முடித்துவிடுகிறார்கள். அந்த அழுகையை நான் நம்புவதில்லை. பிழை செய்து எதைச் சம்பாதித்தானோ அதை அவன் இழக்கவேண்டும், அதுவும் அவள் கிடைப்பாள் என்ற உறுதி இல்லாமலே.

முதலில் பிழையை முடிவு செய்யுங்கள். சிடுமூஞ்சி என்பது சுபாவம், பிழை அல்ல. யாருக்கு என்ன நட்டம் என்று சொல்ல முடியவேண்டும். பெண்ணைப் பலவந்தம் செய்தவன் என்றால் அவனை நாயகனாக்கவே வேண்டாம்.

எங்கள் திருகோணமலையையே எடுங்கள். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து (டச்சுக்காரரிடமிருந்து) கோட்டையைப் பிடித்தார்கள், ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள், 1783இல் சமாதானம் வந்த பிறகு அது திரும்பவும் ஒல்லாந்தர் கைக்கே போனது. மூன்று கொடிக்கும் கீழே பிழைத்துக்கொண்ட ஒரு துபாசியை, அதாவது அதிகாரிகளுக்கு மொழிபெயர்த்துச் சொல்பவனை, நாயகனாக வையுங்கள். மகா கெட்டிக்காரன் (வாசகர் திட்டிக்கொண்டே பக்கம் புரட்டுவது இந்தக் கெட்டித்தனத்துக்காகத்தான், அதில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்). தம்பலகாமத்து விவசாயி ஒருவர் வயல் வழக்கோடு கோட்டைக்கு வருகிறார். எதிராளியிடம் காசு வாங்கிய இவன் அவர் சொன்னதை ஒல்லாந்து அதிகாரியிடம் மாற்றிச் சொல்கிறான், வயல் போய்விடுகிறது. அவருடைய மகள்தான் நாயகி.

அந்தக் காலம் அப்படித்தான் என்று சாட்டுச் சொல்லாதீர்கள். அதே கோட்டையில் காசு வாங்க மறுத்த ஒரு கணக்கப்பிள்ளையும் இருக்கட்டும். நாயகனுடைய சின்ன வயதுக் கஷ்டம் பாதிக்குப் பிறகு வந்தால் போதும், முன்னால் வந்தால் அவனுக்காக நீங்களே மன்னிப்புக் கேட்டமாதிரி ஆகிவிடும்.

அப்புறம் திருந்தும் இடம். அதே அதிகாரி முன்னால், முதலில் ஒல்லாந்து மொழியில், பிறகு வாசலில் நிற்கும் சனத்துக்குக் கேட்கத் தமிழில், நான் பொய் சொன்னேன் என்று அவன் சொல்லவேண்டும். இனி எந்தக் கொடியும் அவன் வாயை நம்பாது, பிழைப்புப் போச்சு. அவளிடம் போவதற்கு முன் தகப்பனிடம் போகட்டும். "ஐயா, உங்கட வயலை வித்தது நான்தான்." கிழவர் பதில் பேசாமல் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே இருக்கட்டும், அந்த இடத்தில் அவசரப்பட்டு அவரைப் பேச வைத்துவிடாதீர்கள்.

ஒரு பெரும்போகம் விதைத்து அறுக்கும் வரைக்கும் அவளும் பேசவேண்டாம். இவன் அவள் கண்ணில் படும்படி நல்லது செய்துகொண்டு திரியவும் வேண்டாம். மாற்றம் சின்னதாகத் தெரியட்டும்: முன்பெல்லாம் அடுத்தவர் பேச்சை முந்திக்கொண்டு முடிப்பவன், இப்போது காத்திருக்கிறான். பிறகு ஒரு நாள் கோட்டையிலிருந்து வந்த கடதாசியை அவள் நீட்டுகிறாள். "வாசிச்சுச் சொல்லுங்கோ. உள்ளதை அப்படியே சொல்லுங்கோ." காதல் வசனம் எல்லாம் இதற்கப்புறம் வந்தால் போதும்.

எழுதி முடித்ததும், அவள் அவனை வேண்டாம் என்று சொல்லும் ஒரு முடிவையும் தனியாக எழுதிப் பாருங்கள். அதிலும் அவன் அந்த வாசலில் நின்று உண்மையைச் சொல்லியிருப்பானா? இல்லையென்று பட்டால் நடுப்பகுதியைத் திரும்ப எழுதுங்கள்.