தட்டில் வைத்தது வேறு, தின்றது வேறு

"நல்லாத்தான் சாப்பிடுறான்" என்று நான், "ஒண்ணுமே தொடமாட்டேங்கிறான்" என்று என் அத்தை. ஆறு வயசுப் பையன் ஒருத்தனைப் பற்றி இரண்டு சாட்சி. ரங்கூனில் நாங்கள் பார்க்கும் டாக்டர், மூன்று நாள் அவன் தின்பதையெல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். "காலை, மொகிங்கா ஒரு கிண்ணம்" என்று எழுதிக் கொடுத்தேன். மொகிங்கா என்றால் மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ். அவனோ மேலே போட்ட பருப்பு வடையை மட்டும் பொறுக்கித் தின்றிருந்தான்.

அதனால் முதலில் தராசு. வெறும் தட்டை நிறுங்கள், பரிமாறியபின் நிறுங்கள், சாப்பிட்டபின் மிச்சத்தோடு நிறுங்கள். எங்கள் தட்டு 210 கிராம், பருப்புச் சோற்றோடு 390, முடித்தபின் 305. அவன் தின்றது 85 கிராம்தான், நான் பரிமாறிய 180 இல்லை. மீன் முள் தட்டிலேயே கிடக்கட்டும். எடுத்து எறிந்தால் அந்த எடையும் அவன் வயிற்றுக் கணக்கில் ஏறிவிடும்! தராசுக்கும் ஒரு குறை உண்டு: அதைப் பார்த்ததும் பிள்ளைகள் சாப்பிடும் விதமே மாறும். என் பையன் தராசில் தெரியும் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுவதற்காகவே இரண்டு வாய் கூடத் தின்றான்.

வெளியே தின்பதை நிறுக்க முடியாது. அதற்கு, நேற்றைய 24 மணி நேரத்தைக் கேட்டு எழுத வேண்டும். எழுந்ததிலிருந்து அவனே சொல்லட்டும், குறுக்கே பேசாதீர்கள். அப்புறம் இடைவெளிகளைத் துருவுங்கள்: "பள்ளி விட்டதும்? டிவி பார்க்கும்போது?" அடுத்த சுற்றில் அளவு. இங்கே அரிசியே பால்டின் கணக்கில்தானே, "அரை டின்னா, கால் டின்னா" என்றால் பிள்ளைக்குப் புரியும். கடைசியாக எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். தாத்தாவோடு டீக்கடையில் தின்ற ஈச்சாக்குவே (எண்ணெயில் பொரித்த நீள மாவுப் பலகாரம்) எங்களுக்கு அந்தச் சுற்றில்தான் வெளியே வந்தது.

எட்டு வயசுக்குள் தனியாகக் கேட்டால் நம்ப முடியாது, ஊட்டியவர்களும் கூட இருக்க வேண்டும். மூன்று நாளில் ஒன்று விடுமுறை நாளாக இருக்கட்டும்.

"வாரத்துக்கு எத்தனை தடவை கீரை?" என்று கேட்கும் படிவங்களில் பிள்ளைகளின் கணக்கு பெரும்பாலும் கூடித்தான் வரும். பழக்கம் தெரிந்துகொள்ளச் சரி, அளவுக்கு ஆகாது. ஆராய்ச்சிக்காரர்கள் கன ஐசோடோப்பு (வழக்கத்தைவிட எடை கூடிய அணு வகை) கலந்த தண்ணீரைக் குடிக்கவைத்து, ஒன்றிரண்டு வாரம் சிறுநீரைச் சோதித்து, உடம்பு செலவழித்த சக்தியைக் கணக்கிட்டு, எழுதிய கணக்கை அதோடு ஒப்பிடுவார்கள். செலவு அதிகம், அதுவும் என்ன தின்றான் என்று சொல்லாது.

எங்கள் நோட்டு இப்போது அடுப்படி ஆணியில் தொங்குகிறது. பிஸ்கட் கொடுக்கும்போதெல்லாம் அத்தை ஒரு கோடு போடுகிறார். நேற்று மட்டும் ஏழு கோடு.