“நிறையப் பேருக்குச் செய்கிற ஆஸ்பத்திரி”: இதய சிகிச்சைக்கு இடம் தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

வீட்டில் ஒருவருக்கு இதயத்தில் அடைப்பு என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் சொல்வது இதுதான்: “நிறையப் பேருக்குப் பண்ற ஆஸ்பத்திரியா பார்த்துப் போங்க.” அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. 1979-இல் ஹரால்ட் லஃப்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் 1,498 மருத்துவமனைகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். இதய அறுவை உள்ளிட்ட சில சிகிச்சைகளில், ஆண்டுக்கு 200-க்குக் குறையாமல் செய்த இடங்களில் இறப்பு விகிதம் 25 முதல் 41 சதவீதம் வரை குறைவாக இருந்தது. கை பழகிய இடத்தைத் தேடுவது சரிதான். அந்த எண்ணை எங்கே, எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் தவறுகள் நடக்கின்றன.

உயிருக்கே உலை வைக்கும் தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். நெஞ்சு வலித்து வியர்த்துக் கொட்டும் ஆளை, பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டி, இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோவது. மாரடைப்பில் ரத்தக் குழாய் அடைபட்டுக் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட, ரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழாயை விட்டுச் சிகிச்சை செய்யும் கேத் லேப் என்ற கூடம் தேவையில்லை. 2000-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். மாரடைப்பு வந்தவுடன் செய்யும் ஆஞ்சியோபிளாஸ்டியில், அதாவது அடைப்பைப் பலூனால் விரித்துத் திறக்கும் சிகிச்சையில், அதிகம் செய்யும் இடங்களில் இறப்பு, மிகக் குறைவாகச் செய்யும் இடங்களைவிட 28 சதவீதம் குறைவு. ஆனால் கரைக்கும் ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் எண்ணிக்கையால் அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை. கை நுணுக்கம் வேண்டிய வேலைக்குத்தான் பழக்கம் உதவுகிறது. ஊசிக்கு நேரம்தான் முக்கியம். 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய வழியில்லை என்றால் ஊசியை முதலில் போட்டுவிட்டு அனுப்ப வேண்டும் என்பதே மருத்துவர்கள் பின்பற்றும் வழிமுறை. தமிழ்நாட்டிலேயே சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து இந்த முறையைச் செயல்படுத்திப் பார்த்தார்கள். 2017-இல் வெளியான அதன் முடிவுப்படி, ஓராண்டுக்குள் நேரும் இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. அதனால் அவசர நேரத்தில் எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். 108-ஐ அழையுங்கள்.

நாள் குறித்துச் செய்யும் சிகிச்சை என்றால் விசாரிக்க அவகாசம் இருக்கிறது. அப்போது ஆஸ்பத்திரியின் பெயர்ப் பலகையை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. நியூயார்க் மாநிலத்தில் 1991 முதல் 1994 வரை நடந்த 62,670 ஆஞ்சியோபிளாஸ்டிகளை ஆராய்ந்தபோது மொத்த இறப்பு 0.90 சதவீதம். ஆண்டுக்கு 600-க்குக் குறைவாகச் செய்த மருத்துவமனைகளில் அது 0.96. ஆண்டுக்கு 75-க்குக் குறைவாகச் செய்த மருத்துவர்களிடம் 1.03. ஆஸ்பத்திரியோடு சேர்த்து டாக்டரின் கைப்பழக்கத்தையும் கேட்க வேண்டும் என்பது இதில் தெரிகிறது. இன்னொன்றும் தெரிகிறது: இடைவெளி சிறியது. சிறிய ஊரில் பொறுப்பாகச் செய்யும் டாக்டரை, எண்ணிக்கை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்கிவிடாதீர்கள். நோயாளிகள் எவ்வளவு மோசமான நிலையில் வந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்ட விகிதங்கள் இவை. அப்படிக் கணக்கிடாத வெறும் இறப்பு எண்ணிக்கையை யாராவது காட்டினால் நம்ப வேண்டாம். கடினமான கேஸ்களை ஏற்கும் இடத்தில் இறப்பு கூடுதலாகத்தான் தெரியும்.

எல்லா சிகிச்சைக்கும் ஒரே அளவுகோல் வைப்பதும் தவறு. அடைப்பைத் தாண்டி ரத்தத்துக்கு மாற்றுப் பாதை அமைக்கும் பைபாஸ் அறுவையில், பெரியவர்களுக்கு எண்ணிக்கையால் வரும் வித்தியாசம் ஒப்பீட்டளவில் குறைவு. பச்சைக் குழந்தையின் இதய அறுவை வேறு விஷயம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவமனையில் 1991-க்கும் 1995-க்கும் இடையில், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் எதிர்பார்த்ததைவிட 30 முதல் 35 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று 2001-இல் வெளியான விசாரணை அறிக்கை சொன்னது. போதிய எண்ணிக்கையில் அறுவைகள் அங்கே நடக்கவில்லை என்பதும் அந்தத் துயரத்தின் ஒரு பகுதி. குழந்தைக்கு என்றால் தூரம் பார்க்காமல், அந்தக் குறிப்பிட்ட அறுவையை அடிக்கடி செய்யும் இடத்துக்கே போங்கள்.

டாக்டரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். எனக்குச் செய்யப்போகும் இதே சிகிச்சையை நீங்கள் போன வருடம் எத்தனை பேருக்குச் செய்தீர்கள்? ராத்திரியில் சிக்கல் வந்தால் யார் பார்ப்பார்கள்? பைபாஸ் தேவைப்பட்டால் இங்கேயே செய்ய முடியுமா? ஆஞ்சியோவின் எண்ணிக்கையைச் சொன்னால், அது பரிசோதனைதான் என்று ஞாபகம் வைத்து, ஆஞ்சியோபிளாஸ்டியின் எண்ணிக்கையைத் தனியாகக் கேளுங்கள். அப்புறம், இதெல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டிய கேள்வி: எனக்கு இது கட்டாயம் தேவையா?

ஏனென்றால் எண்ணிக்கை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. கலிஃபோர்னியாவில் ரெட்டிங் என்ற சிறிய நகரத்து மருத்துவமனையில் இதய சிகிச்சைகள் ஏராளமாக நடந்தன. 2002-இல் எஃப்.பி.ஐ. அங்கே சோதனை போட்டது. தேவையில்லாதவர்களுக்கும் அறுவை செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அதை நடத்திய நிறுவனம் மறு ஆண்டு அரசுக்கு 5.4 கோடி டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. விஷயம் வெளியே வரக் காரணமானவர்களில் ஒருவர், உடனே பைபாஸ் செய்ய வேண்டும் என்று அங்கே சொல்லப்பட்ட ஒரு பாதிரியார். அவர் வேறு ஊருக்குப் போய் இன்னொரு டாக்டரிடம் காட்டினார். இதயம் நன்றாக இருக்கிறது, அறுவை எதுவும் வேண்டாம் என்று அங்கே சொன்னார்கள்.