யார்னா த்ரெட்டா, பையா அன்டிலா?

திருப்பூர்ல இருந்து வெளிநாட்டு பையருக்கு (நம்மகிட்ட சரக்கு வாங்கறவருக்கு) மெயில் போடறவங்க மொதல்ல இந்த நூல் விசயத்த சரி பண்ணிக்கோங்க, நமக்கு ரெண்டும் நூல்தானுங், ஆனா இங்கிலீஷ்ல நிட்டிங் மிசின்ல ஓட்டி துணியாக்கறது யார்ன், டெய்லர் தைக்கறது த்ரெட்டு. 40ஸ் கோம்டுன்னு கவுண்ட் (நூல் எவ்ளோ சன்னம்ங்கற நம்பர்) சொல்லி வாங்கறமே, அது யார்னுங்.

அப்பறம் பை, அன்டில் (மஞ்சப்பை இல்லீங்). வெள்ளிக்கெழமைக்குள்ள முடிஞ்சுபோற வேலைன்னா பை ஃப்ரைடே, வெள்ளி வரைக்கும் நடந்துட்டே இருக்கற வேலைன்னா அன்டில் ஃப்ரைடே. சாம்பிள் அனுப்பறதுக்கு அன்டில்னு போட்டு நானே ஒருக்கா நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டனுங். சந்தேகம்னா தமிழ்ல சொல்லிப் பாருங், 'குள்ள' வந்தா பை, 'வரைக்கும்' வந்தா அன்டில். பாரோ, லெண்டு? கடன் வாங்கறது பாரோ, குடுக்கறது லெண்டு, அவ்ளோதானுங்.