மெங்குவாங் பை வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பந்திங் பக்கம் கல்யாணத் தாம்பூலத்துக்குப் பிளாஸ்டிக் பையை விட்டுவிட்டு மெங்குவாங் பை தேடுகிறவர்களைப் பார்க்க முடிகிறது. மெங்குவாங் நம் தாழை இனத்துச் செடி, அதன் ஓலையில் பின்னுவதுதான் இந்தப் பை. பக்கத்திலேயே கேரித் தீவில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வாழும் மா மெரி பூர்வக்குடிப் பெண்கள் தாழை ஓலைப் பின்னலுக்குப் பேர்பெற்றவர்கள். ஆசை நல்லதுதான். ஆனால் வாங்கும் விதத்தில் நாம் தவறிவிடுகிறோம்.

முதலில் பேரம். "இத்தனூண்டு பைக்கா இந்த விலை?" என்று சட்டென்று கேட்டுவிடுகிறோம். பின்னுவது மட்டும்தான் வேலை என்ற நினைப்பு. சதுப்பில் இறங்கி ஓலை வெட்ட வேண்டும். ஓரத்திலும் நடு நரம்பிலும் இருக்கும் முள்ளைச் சீவ வேண்டும். தீயில் வாட்டி, ஒரே அகலத்தில் கீறி, மூங்கில் துண்டால் இழுத்து இழுத்து மிருதுவாக்கி, ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி, வேண்டுமானால் சாயமும் ஏற்ற வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் பின்னலே ஆரம்பம். நாம் குறைக்கச் சொல்லும் ஐந்து வெள்ளி (ரிங்கிட்) இந்த உழைப்பிலிருந்துதான் போகிறது.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது 300 பை கேட்பதும் அதே அறியாமைதான். விடாமல் மழை பெய்தால் ஓலை காயாது. காயாத ஓலையில் பின்னினால் பூஞ்சணம் பிடிக்கும். சில மாதம் முன்பே சொல்லுங்கள், பாதிப் பணத்தை முன்கூட்டியே கொடுங்கள். அத்தனை பேருக்கும் முடியாதென்றால் நெருங்கிய சொந்தங்களுக்கு மட்டும் கொடுத்தால் போதும். அவசரப்படுத்தி வாங்கிய 300 பையைவிட நிதானமாகப் பின்னிய 50 பை எவ்வளவோ மேல்.

"இயற்கை நார்" என்று எழுதியிருந்தால் போதும், எல்லாம் நியாயமாக நடந்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். யார் பின்னினார்கள், அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். கெராய் ஓஏ என்ற தன்னார்வலர் குழு பூர்வக்குடியினரின் கைவினைகளை விற்று, விற்ற பணத்தை முழுவதுமாகச் செய்தவர்களுக்கே கொடுக்கிறது. அப்படியும் விற்க முடிகிறது என்பதால், மற்ற கடைகளில் இதைக் கேட்க நாம் தயங்கவே வேண்டாம். ஓலையும் முன்போல எளிதில் கிடைப்பதில்லை. சதுப்பு நிலம் தோட்டமாக மாறிய இடத்தில் தாழையும் போய்விட்டது.

அப்புறம் வடிவம். மா மெரி மக்கள் மூதாதையரை வணங்கும் ஹரி மொயாங் நாளுக்கென்று ஓலையில் மடித்தும் பின்னியும் செய்பவை உண்டு. போனில் அவற்றின் படத்தைக் காட்டி "இதே மாதிரி வேண்டும்" என்று கேட்பது சரியில்லை. எது விற்பனைக்கு, எது சடங்குக்கு என்பதை அவர்களே சொல்லட்டும். நம் குலதெய்வத்துக்குப் போட்ட படையலை யாராவது விலைக்குக் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

பையின் மேல் ஜிகினா லேஸும் கல்லும் பசை போட்டு ஒட்டாதீர்கள். ஒட்டிவிட்டால் ஓலை மக்கினாலும் அவை மக்காது. பளிச்சென்ற சிவப்பும் பச்சையும் பெரும்பாலும் செயற்கைச் சாயம்தான். அது வேண்டாமென்றால் சாயம் போடாத பையையே கேளுங்கள், அதன் வெளிர் நிறம் பட்டுப்புடவைக்கு அருமையாகப் பொருந்தும். ஒயர் கூடையும் கைப்பின்னல்தானே என்று அதற்குப் போய்விடாதீர்கள், அது பிளாஸ்டிக்.

வீட்டுக்கு வந்த பையைத் தண்ணீரில் அலசாதீர்கள், துணியால் துடைத்தால் போதும். நம் ஊர் ஈரக்காற்றில் பிளாஸ்டிக் உறைக்குள் மூடி வைத்தால் பூஞ்சணம் வந்துவிடும், காற்றாடத் தொங்கவிடுங்கள். பாய் வாங்கினால் மடிக்காமல் சுருட்டி வையுங்கள், மடித்த இடத்தில்தான் ஓலை முதலில் முறியும்.