வேலூருக்குப் புதிதாக வந்தவர்கள் ஊரின் பகுதிகளை அறிந்துகொள்ளும் முறை

வேலைக்கோ படிப்புக்கோ மருத்துவத்துக்கோ வேலூருக்கு வந்து தங்குபவர்களில் பலர், மாதக்கணக்கில் இருந்த பிறகும், தாங்கள் தங்கும் அறைக்கும் அன்றாடம் போகும் இடத்துக்கும் நடுவிலுள்ள ஒரே சாலையைத்தான் அறிந்திருக்கிறார்கள். 2008-இல் மாநகராட்சியான இவ்வூர், கோட்டையைச் சுற்றிய பழைய நகரமும், பாலாற்றுக்கு வடக்கே காட்பாடியும், கிழக்கே சத்துவாச்சாரியும், தெற்கே தொரப்பாடியும் பாகாயமும் சேர்ந்தது. இவற்றின் இயல்பு ஒன்றுபோல் மற்றொன்று இராது என்பதால், நடந்தும் பேருந்தில் சென்றுமே இவற்றை அறிய வேண்டும்.

முதலில் திசை பிடிபட வேண்டும். காட்பாடி ரயில் நிலையத்தருகே பாகாயம் செல்லும் நகரப் பேருந்தில் ஏறி, சன்னலோரம் அமர்ந்து, கடைசி நிறுத்தம் வரை செல்லுங்கள். விருதம்பட்டைத் தாண்டியதும் பாலாற்றுப் பாலம் வரும். ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகவே கிடந்தாலும், அந்த அகன்ற ஆற்றுப்படுகைதான் காட்பாடியையும் வேலூரையும் பிரிக்கிறது. அதற்குப் பின் கிரீன் சர்க்கிள் ரவுண்டானா, சி.எம்.சி. மருத்துவமனை, பழைய பேருந்து நிலையம், கோட்டை ஆகியவற்றை வரிசையாகக் குறித்துக்கொண்டால், பிற்பாடு எந்தத் தெருவில் வழி தவறினாலும் இவற்றில் ஒன்றைக் கேட்டுத் திரும்பிவிடலாம்.

இரண்டாவதாக, கோட்டைக்கு ஒரு காலைப்பொழுதை முழுமையாக ஒதுக்குங்கள். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுச்சி நடந்த இந்த மதில்களுக்குள் கோயிலும் தேவாலயமும் மசூதியும் உள்ளன. நெடுங்காலம் மூலவர் இல்லாதிருந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு, 1981-இல் சத்துவாச்சாரியிலிருந்துதான் லிங்கத்தைக் கொண்டுவந்து நிறுவினார்கள். இதைத் தெரிந்துகொண்டு சத்துவாச்சாரிக்குச் செல்பவருக்கு, அது ஆட்சியர் அலுவலகமும் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளும் உள்ள இடமாக மட்டும் தோன்றாது.

மூன்றாவது, சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றிய தெருக்கள். அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கிய சிறு மருத்துவப் பணி இம்மருத்துவமனையாக வளர்ந்து இன்று நாடெங்கிலுமிருந்து மக்களை ஈர்ப்பதால், இங்கே விடுதிப் பலகைகளில் தமிழோடு வங்காளமும் இந்தியும் எழுதப்பட்டிருக்கும். நோயாளியோடு வந்தவர்கள் விடுதியிலேயே சமைத்துச் சாப்பிடுவதால், மளிகைக் கடைகளில் கடுகெண்ணெயும் சிறு பாத்திரங்களும் விற்பதைப் பார்க்கலாம். இத்தெருக்களை அவசரமின்றி மாலையில் பாருங்கள். வேலூர் யாருக்கெல்லாம் ஊராக இருக்கிறது என்பதை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் காண முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

லாங்கு பஜாருக்கும் நேதாஜி மார்க்கெட்டுக்கும் அதிகாலையில் செல்வது நல்லது. வெயில் ஏறிய பிறகு அங்கே கால்வைக்க இடமிராது. முள்ளுக் கத்திரிக்காய் கண்ணில் பட்டால் வாங்கிவிடுங்கள், அது இம்மண்ணுக்கே உரியது. காட்பாடிப் பக்கம் காந்தி நகரின் குடியிருப்புத் தெருக்களையும், வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள மாணவர் கடைகளையும் ஒரே மாலையில் முடித்துவிடலாம்.

வீடு பார்ப்பதாக இருந்தால், விரும்பிய பகுதிக்குப் பகலில் ஒருமுறையும் இரவு எட்டு மணிக்கு மேல் ஒருமுறையும் செல்லுங்கள். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, கோடையில் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று தரகரிடம் கேட்பதைவிட, தெருமுனைத் தேநீர்க் கடையிலும் இஸ்திரி வண்டிக்காரரிடமும் கேட்பதே பயன் தரும். மலையடிவாரத்து வீடு என்றால் மாடியறைக்குள் சற்று நேரம் நின்று பார்த்தே முன்பணம் கொடுங்கள்; பகல் முழுதும் காய்ந்த பாறையின் வெக்கை இரவிலும் இறங்குவதில்லை.